மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? ஆங்கிலத்தில் தேதி எழுத எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது

‘07/08-க்குள் அனுப்பிவிடுங்கள்’ என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 2024 ஜூன் கடைசி வாரம். நாற்பது பக்க மொழிபெயர்ப்பு. ஆகஸ்ட் 7 என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்ற நிம்மதியில் வேறு வேலைகளைக் கையில் எடுத்தேன். ஜூலை 9ஆம் தேதி காலையில் இன்னொரு மின்னஞ்சல்: ‘நேற்றே எதிர்பார்த்தோம், வரவில்லையே?’ எழுதியவர் அமெரிக்கர். அவர் கணக்கில் 07/08 என்பது ஜூலை 8.

இரவு பகலாக உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. எழுத்து மங்கலாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். ஓர் இலக்கம் விடுபட்டிருந்தாலும் கேட்டிருப்பேன். அவருக்கும் சந்தேகம் வரவில்லை. இருவரும் ஒரே தேதியைத் தெளிவாகப் படித்து, ஆளுக்கொரு நாளைக் குறித்துக்கொண்டோம்.

அதனால் தேதி எழுதும் முறைகளை ஒப்பிடும்போது எனக்கு ஒரே அளவுகோல்தான். தவறாகப் படிக்க இடமே தராத முறை எது? தவறிப்போனாலும் அந்தத் தவற்றை உடனே காட்டிக்கொடுக்கும் முறை எது? அழகு, பழைமை, யாருடைய ஆங்கிலம் அசல் ஆங்கிலம் என்ற விவாதங்களை எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நாட்டுக்கு நாடு

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, நைஜீரியா, கென்யா ஆகிய நாடுகளின் ஆங்கிலத்தில் நாள் முதலில், மாதம் அடுத்து, ஆண்டு கடைசியில். அங்கே 4/3/2024 என்றால் மார்ச் 4. அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். அதே எண்கள் ஏப்ரல் 3 ஆகிவிடும். பிலிப்பைன்ஸின் ஆங்கிலமும் பெரும்பாலும் அமெரிக்க வரிசையைத்தான் பின்பற்றுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஆண்டை முதலில் எழுதும் முறைக்கு நல்ல செல்வாக்கு உண்டு; அந்நாட்டுக் குடிமக்களின் அடையாள எண்ணே பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கங்களோடு தொடங்குகிறது.

கனடாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மரபு ஒரு பக்கம், நாள் முதலில் வரும் ஃபிரெஞ்சு மரபு ஒரு பக்கம், அமெரிக்கா என்ற அண்டைவீடு ஒரு பக்கம். போதாததற்கு ஆண்டை முதலில் வைக்கச் சொல்லும் அரசுத் தரமும் உண்டு. அங்கே காசோலையில் தேதிக்கான கட்டங்களுக்குக் கீழே எந்தக் கட்டம் நாள், எது மாதம், எது ஆண்டு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று வரிசைகளுமே செல்லும் என்பதால், அந்தச் சின்ன எழுத்து இல்லாவிட்டால் காசோலையைப் படிக்கவே முடியாது. உணவுப் பொட்டலங்களில் இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். ஆண்டு, மாதம், நாள் என்பது வரிசை. மாதத்துக்கு ஆங்கிலம், ஃபிரெஞ்சு இரண்டுக்கும் பொருந்தும் இரண்டெழுத்துக் குறி. ஜேஏ என்றால் ஜனவரி, ஜேஎன் என்றால் ஜூன், ஜேஎல் என்றால் ஜூலை. எம்ஆர் மார்ச், எம்ஏ மே. கடைசி இரண்டையும் மாற்றிப் படித்தால் இரண்டு மாதம் தள்ளிப்போகும். ஆனாலும் வெறும் எண்களைவிட இது எவ்வளவோ மேல். எம்ஏ என்பதை நாள் என்று யாரும் படிக்க முடியாது அல்லவா?

இந்தியாவின் ஆங்கிலத்தில் ஓர் இரட்டை வழக்கம் இருக்கிறது. எண்களாக எழுதும்போது நாள் முதலில். விண்ணப்பப் படிவமும் வங்கிக் காசோலையும் அப்படித்தான். ஆனால் அதே நாட்டின் ஆங்கில நாளிதழ்கள் செய்திக்குள் மாதத்தை எழுத்தில் எழுதும்போது ‘மார்ச் 4, 2024’ என்று அமெரிக்கர்களைப் போல மாதத்தை முதலில் வைக்கின்றன. இரண்டையும் தினமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது முரணாகவே தோன்றுவதில்லை.

தமிழில் நாமும் அப்படித்தான் இருக்கிறோம். ‘மார்ச் 4’ என்று சொல்கிறோம், 4.3.2024 என்று எழுதுகிறோம், முறையாக விரித்து எழுதும்போது ‘2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் தேதி’ என்று ஆண்டிலிருந்து கீழே இறங்குகிறோம். உலகம் சண்டை போடும் மூன்று வரிசைகளும் நம் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் எந்த முறையைக் கற்பதும் நமக்குக் கடினமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் நமக்குள்ள ஆபத்து.

தர்க்கம் யார் பக்கம்?

நாள், மாதம், ஆண்டு என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவதுதான் தர்க்கம் என்பார்கள் ஒரு தரப்பினர். சரி, அதோடு நேரத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்: 4/3/2024 14:30. நாளிலிருந்து ஆண்டுவரை ஏறிய வரிசை, மணியில் தொடங்கி நிமிடத்துக்கு இறங்குகிறது. ஏற்றமும் இறக்கமும் ஒரே வரியில். அமெரிக்க முறைக்குச் சொல்லப்படும் நியாயம் வேறு: வாயால் ‘மார்ச் ஃபோர்த்’ என்று சொல்வதையே எழுதுகிறோம் என்பார்கள். அதுவும் முழுக்க நிற்காது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் தலைப்பில் ‘ஜூலை 4, 1776’ என்று மாதம் முதலில் நிற்கிறது. அந்தத் திருநாளை அமெரிக்கர்கள் அழைப்பதோ ‘த ஃபோர்த் ஆஃப் ஜூலை’ என்று. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் மாதத்தை முதலில் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. கடல் தாண்டிப்போன வழக்கம் அங்கே நின்றுவிட்டது, புறப்பட்ட இடத்தில் மாறிவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆக, தர்க்கத்தை வைத்து இதில் யாரும் ஜெயிக்க முடியாது. வாசிப்பவர் யார் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெறும் எண்கள்: 132 நாட்களின் ஆபத்து

இரண்டு எண்களை இடம் மாற்றினாலும் செல்லுபடியாகும் தேதிகள் ஓர் ஆண்டில் எத்தனை? ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரை உள்ள நாட்களுக்குத்தான் அந்தச் சிக்கல். பன்னிரண்டு பன்னிரண்டாக 144. அதில் 1/1, 2/2, 3/3 போன்ற 12 நாட்கள் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மிச்சம் 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

மற்ற நாட்களில் இந்த ஆபத்து இல்லை. 25/3 என்று எழுதினால் 25ஆம் மாதம் கிடையாது என்பதால் அமெரிக்கரும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். இதுவே ஒரு பொறியாகவும் ஆகிவிடுகிறது. மாதக் கடைசியில் எழுதிய கடிதங்கள் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்வதால், நம் முறை எல்லோருக்கும் புரிகிறது என்ற நம்பிக்கை வந்துவிடும். அடுத்த மாதம் 5ஆம் தேதி எழுதும் கடிதத்தில்தான் அடி விழும்.

கணினியும் இதே தவற்றைச் செய்கிறது, நம்மைவிட வேகமாக. பிரிட்டிஷ் வரிசையில் முந்நூறு தேதிகள் உள்ள ஒரு சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்ஸெல் அட்டவணைச் செயலி திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25/03/2024 என்ற வரியைத் தேதியாக ஏற்க முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும்; அது கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். 04/03/2024 என்ற வரியை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டு, தேதிக்குரிய மரியாதையோடு வலது ஓரத்தில் நிறுத்தும். ஒரே நெடுவரிசையில் சில இடப்பக்கம், சில வலப்பக்கம். பார்ப்பவர் கண்ணுக்கு இடப்பக்கம் நிற்பவைதான் கோளாறாகத் தெரியும், அவற்றைத் திருத்த உட்காருவார். உண்மையில் அவைதான் பழுதில்லாதவை. ஒழுங்காக வலப்பக்கம் நிற்கும் தேதிகள்தான் பெரும்பாலும் மாறிப்போயிருக்கும். அந்தக் கோப்பைச் சேமித்துவிட்டால் மூலத்தில் என்ன இருந்தது என்பதற்குத் தடயமும் மிஞ்சாது.

எக்ஸெல் எதையும் தேதியாக்கிவிடும் இந்த ஆர்வத்தால் மனித மரபணுக்களுக்கே பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. மார்ச்1, செப்ட்1 என்ற குறியீடுகளைக் கட்டத்தில் தட்டினால் அவை மார்ச் 1, செப்டம்பர் 1 ஆகிவிடும். 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் பன்னாட்டுக் குழு அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் கொண்டுவந்தது.

ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்கினால் நிலைமை இன்னும் மோசம். 10/11/12 என்ற தேதியைப் பாருங்கள். பிரிட்டனில் 2012 நவம்பர் 10. அமெரிக்காவில் 2012 அக்டோபர் 11. ஆண்டை முதலில் எழுதுபவருக்கு 2010 நவம்பர் 12. மூவருக்கும் சந்தேகம் வராது. நூற்றாண்டையும் நாம் சொல்வதில்லை, கணினி ஊகித்துக்கொள்கிறது. எக்ஸெல் ஓர் எல்லை எண்ணை வைத்துக்கொண்டு, அதுவரை உள்ள எண்களை 2000-களிலும், அதற்கு மேல் உள்ளவற்றை 1900-களிலும் வைக்கிறது. பிறந்த ஆண்டையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் இந்த ஊகத்திடம் விட முடியாது. நான்கு இலக்கம் எழுத ஆகும் உழைப்பு இரண்டு விசைத் தட்டல்தான்.

சாய்கோட்டுக்குப் பதில் புள்ளியோ சிறுகோடோ போட்டால் தீருமா? 4.3.2024 என்று புள்ளி வைத்தால் ஐரோப்பிய வழக்கம் என்று பலர் ஊகிப்பார்கள். ஊகம்தான், உறுதி இல்லை.

எண்களாகவே பெயர் பெற்றுவிட்ட நாட்களும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை பிரிட்டனிலும் இந்தியாவிலும்கூட ‘நைன் இலெவன்’ என்றே சொல்கிறார்கள், அவர்கள் முறைப்படி அது நவம்பர் 9 ஆக இருந்தாலும். 2008 மும்பை தாக்குதல் ‘26/11’. அதை அமெரிக்க வரிசையில் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. 2005 லண்டன் குண்டுவெடிப்பு 7/7 என்பதால் எந்தப் பக்கமும் குழப்பமில்லை. கணிதம் நேசிப்பவர்களுக்கும் இந்தப் பிளவு வாய்த்திருக்கிறது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை (3.14…) என்ற எண்ணைக் கொண்டாடும் பை நாள் மார்ச் 14. அமெரிக்க முறையில் 3/14. நாள் முதலில் எழுதுபவர்கள் ஜூலை 22-ஐக் கொண்டாடலாம். 22/7 பையின் தோராய மதிப்பு. இவை தேதிகள் என்ற நிலையைக் கடந்து பெயர்ச்சொற்கள் ஆகிவிட்டவை. அப்படியே விட்டுவிட வேண்டும், நம் வரிசைக்கு மாற்றக் கூடாது.

மாதத்தை எழுத்தில் எழுதினால்

என் தேர்வு இதுதான் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் படிக்கும் எதிலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். ‘4 மார்ச் 2024’ என்றாலும் ‘மார்ச் 4, 2024’ என்றாலும் ஒரே நாள்தான். வரிசை பற்றிய சண்டை அந்த இடத்திலேயே தீர்ந்துபோகிறது. அமெரிக்கருக்கு முதல் வடிவம் கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம். தவறாகப் படிக்க மாட்டார். அமெரிக்க ராணுவமே நாளை முதலில் வைத்து மாதத்தை எழுத்தில் எழுதுகிறது. அமெரிக்கக் கடவுச்சீட்டிலும் பிறந்த தேதி அப்படித்தான் இருக்கும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த கடவுச்சீட்டுத் தரத்தில், கண்ணால் படிக்கும் பகுதியில் நாள், எழுத்தில் மாதம், பிறகு ஆண்டு. கீழே கருவி படிக்கும் வரிகளில் ஆண்டு, மாதம், நாள் என்று ஆறு இலக்கம். மனிதருக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று என்று ஒரே பக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் கையாளும் முறைக்கும் அந்தப் பக்கம்தான் முன்மாதிரி.

இரண்டு வடிவங்களில் எது? வாசிப்பவர்கள் அமெரிக்கர்கள் மட்டும் என்றால் மாதம் முதலில். மற்ற எல்லோருக்கும், பல நாட்டினர் கலந்திருக்கும் இடத்திலும், நாள் முதலில். காரணம் ஒரு சின்னக் காற்புள்ளி. அமெரிக்க முறையில் நாளும் ஆண்டும் இரண்டு எண்களாக அடுத்தடுத்து வருவதால் நடுவே காற்புள்ளி கட்டாயம். வாக்கியம் தொடர்ந்தால் ஆண்டுக்குப் பிறகும் இன்னொரு காற்புள்ளி வேண்டும் என்று அமெரிக்க நடை நூல்கள் சொல்கின்றன. அந்த இரண்டாவது காற்புள்ளியைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். நாள் முதலில் வரும் முறையில் இரண்டு எண்களுக்கு நடுவே மாதத்தின் பெயர் சுவராக நின்றுவிடுகிறது. காற்புள்ளிக்கு வேலையே இல்லை.

எஸ்டி, என்டி, ஆர்டி, டிஎச் என்று நாளுக்குப் பின்னால் ஒட்டும் எழுத்துகளை இன்றைய நடை நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடச் சொல்கின்றன, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும். அவற்றை எழுதுவது தவறில்லை. ஆனால் 22-க்கும் 23-க்கும் டிஎச் போட்டுவிடும் தவறு, விட்டுவிட்டால் வரவே வராது. நம் ஆங்கிலக் கடிதங்களில் இன்னொரு கலவையைப் பார்க்கிறேன்: நாளுக்கு டிஎச், பிறகு ‘ஆஃப்’, பிறகு மாதம், பிறகு காற்புள்ளி போட்டு ஆண்டு. சொல்லும் முறையும் எழுதும் முறையும் அமெரிக்கக் காற்புள்ளியும் ஒன்றாகக் கொதித்த சாம்பார் அது. ‘4 மார்ச் 2024’ என்று மூன்று துண்டாக எழுதினால் எந்தச் சேர்மானமும் வேண்டாம்.

கிழமையையும் சேர்த்துவிடுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். ‘திங்கள், 4 மார்ச் 2024’ என்று எழுதும்போது கிழமை ஒரு காவலாளியாக நிற்கிறது. தேதியில் ஓர் எண் பிழைத்தால் கிழமையோடு பொருந்தாது, படிப்பவர் கேட்டுவிடுவார். எனக்கு வந்த அந்த மின்னஞ்சலில் ‘திங்கள், 07/08’ என்று இருந்திருந்தால், நாட்காட்டியில் குறிக்கும்போதே ஆகஸ்ட் 7 புதன்கிழமையாயிற்றே என்று விழித்திருப்பேன். ஆனால் எண்களை மட்டும் எழுதிவிட்டுக் கிழமையை நம்பினால் அந்தக் காவலாளியும் ஏமாறும் நாட்கள் உண்டு. மே 9, செப்டம்பர் 5 இரண்டும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். ஜூலை 11, நவம்பர் 7 இரண்டும் அப்படியே. கணித அறிஞர் ஜான் கான்வே எந்தத் தேதிக்கும் மனக்கணக்கில் கிழமை கண்டுபிடிக்க வகுத்த முறை இந்த ஜோடிகளையும் பயன்படுத்துகிறது. 9/5 வியாழன் என்று எழுதினால், 2024-இல் அது இரண்டு வியாழன்களுக்கும் பொருந்தும்.

ஆண்டை முதலில் வைத்தால்

2024-03-04. ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் சொல்லும் வடிவம். 1988-இல் முதலில் வெளியானது. நான்கு இலக்க ஆண்டு முதலில் நிற்பதால், இது வழக்கமான இரண்டு வரிசைகளில் ஒன்று அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆண்டு, நாள், மாதம் என்று எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் எங்கும் இல்லை. ஆகவே வெறும் எண்களால் எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால் இதுதான் வழி, வேறு எதுவும் அருகே வராது. கோப்புப் பெயரின் தொடக்கத்தில் இப்படி எழுதி வைத்தால் அகரவரிசையே காலவரிசையாகிவிடும். நாள் முதலில் எழுதிய கோப்புகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்; ஜனவரி 1, பிப்ரவரி 1, மார்ச் 1 எல்லாம் ஒன்றாகக் கூடிக்கொண்டு, ஜனவரி 2 எங்கோ கீழே கிடக்கும்.

குறை இல்லாமல் இல்லை. 2011-12 என்று எழுதினால் இந்தத் தரப்படி 2011 டிசம்பர். கணக்காளருக்கோ 2011-இல் தொடங்கி 2012-இல் முடியும் நிதியாண்டு. மாதத்தை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் இந்த வடிவத்தை நான் தவிர்த்துவிடுகிறேன். நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: தேதி மட்டும் உள்ள இந்த வடிவத்தை ஜாவாஸ்கிரிப்ட் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்கக் கண்டத்தில் உள்ள கணினியில் காட்டும்போது ஒரு நாள் முன்னதாகத் தெரியும். பிறந்த நாள் ஒன்று குறைந்து காட்டும் செயலிகள் பலவற்றில் கோளாறு இங்கேதான் இருக்கும்.

கடிதத்திலும் அழைப்பிதழிலும் இந்த வடிவத்தை எழுத வேண்டாம். குழப்பம் வராது, ஆனால் விலைப்பட்டியலின் குரல் வந்துவிடும். ஒருவரை விருந்துக்கு அழைக்கும்போது அந்தக் குரல் ஒட்டாது.

வாயால் சொல்லும்போது

எழுதுவதை அப்படியே படித்தால் ஆங்கிலத்தில் தேதி வராது. பிரிட்டனில் ‘4 மார்ச்’ என்று எழுதிவிட்டு ‘த ஃபோர்த் ஆஃப் மார்ச்’ என்று வாசிக்கிறார்கள்; ‘மார்ச் த ஃபோர்த்’ என்பதும் உண்டு. எழுத்தில் இல்லாத ‘த’, ‘ஆஃப்’ இரண்டும் நாக்கில் வந்துவிடும். அமெரிக்காவில் ‘மார்ச் ஃபோர்த்’. நடுவே ஒன்றும் கிடையாது. நாமோ ‘மார்ச் ஃபோர்’ என்று எண்ணை அப்படியே சொல்லிப் பழகியிருக்கிறோம். புரிந்துகொள்வார்கள், ஆனால் நேர்காணல் போன்ற இடத்தில் ‘ஃபோர்த்’ என்ற ஒரு ஒலியைச் சேர்த்துவிடுவது நல்லது. ‘ஃபோர் மார்ச்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். கேட்பவருக்கு நான்கு என்ன என்ற கேள்வி வந்துவிடும்.

தொலைபேசியில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, 13-க்கும் 30-க்கும் இடையில். ‘தர்ட்டீன்த்’ என்பதில் அழுத்தம் பின்பாதியில், ‘தர்ட்டியத்’ என்பதில் முன்பாதியில். மோசமான இணைப்பில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். ‘ஒன், த்ரீ’ என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்லிவிட்டால் முடிந்தது. மற்றொன்று ஜூனும் ஜூலையும். இதற்குக் கிழமையைச் சேர்த்துச் சொல்வதுதான் கைகொடுக்கும். ஜூன் 8, ஜூலை 8 இரண்டும் ஒருபோதும் ஒரே கிழமையில் வராது, நடுவே முப்பது நாள் இருப்பதால்.

ஆண்டைச் சொல்வதில் பெரிய வம்பு இல்லை. 1905 ‘நைன்டீன் ஓ ஃபைவ்’, 2024 ‘ட்வென்ட்டி ட்வென்ட்டி ஃபோர்’. 2005-ஐ பிரிட்டனில் ‘டூ தவ்ஸண்ட் அண்ட் ஃபைவ்’ என்பார்கள், அமெரிக்கர்கள் பலர் நடுவில் உள்ள ‘அண்ட்’ இல்லாமல் சொல்வார்கள். எதைச் சொன்னாலும் ஆண்டு மாறாது.

ஆபத்து இருப்பது எண்ணே இல்லாத சொற்களில். ‘நெக்ஸ்ட் ஃபிரைடே’ என்றால் வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்த வெள்ளியா என்பதில் ஒரே ஊர்க்காரர்களே பிரிந்து நிற்கிறார்கள். ‘ஃபிரைடே வீக்’ என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சொன்னால் வெள்ளிக்கு ஒரு வாரம் கழித்து. அமெரிக்கருக்கு அது புரியாத தொடர். ‘ஃபோர்ட்நைட்’ என்ற இரண்டு வாரமும் அமெரிக்காவில் புழங்காது. ‘பைவீக்லி’ என்பது வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா என்பதை அகராதிகளே இரண்டு பொருளாகத் தருகின்றன. அமெரிக்காவின் ‘மண்டே த்ரூ ஃபிரைடே’ மட்டும் எனக்குப் பிடிக்கும். வெள்ளியும் சேர்ந்தது என்பதை அந்த ‘த்ரூ’ ஐயமில்லாமல் சொல்லிவிடுகிறது. மற்றவற்றுக்கு நான் எப்போதும் தேதியையே சொல்லிவிடுகிறேன்.

படிவம் தயாரிப்பவர்களுக்கு

நீங்கள் மற்றவர்களிடமிருந்து தேதி வாங்கும் இடத்தில் இருந்தால் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. ஒரே பெட்டியைக் கொடுத்து ‘தேதி’ என்று எழுதிவைத்தால் ஒவ்வொருவரும் அவரவர் வரிசையில் நிரப்புவார்கள். பிறகு எந்தக் கெட்டிக்காரராலும் பிரிக்க முடியாது. பிரிட்டன் அரசின் இணையப் படிவங்களில் நாள், மாதம், ஆண்டு என்று தனித்தனியாகப் பெயரிட்ட மூன்று பெட்டிகள் இருக்கும். மாதிரித் தேதி காட்டும்போது 12-க்கு மேற்பட்ட நாளையே காட்டுங்கள். 27 3 2007 என்ற மாதிரி வரிசையைச் சொல்லிக்கொடுத்துவிடும். 4 3 2007 என்ற மாதிரி எதையும் சொல்லாது.

ஒப்பந்தம் எழுதுபவர்கள் ஓர் ஆவணத்துக்குள் ஒரே வடிவத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். முதல் பக்கத்தில் ‘4 மார்ச் 2024’, பிற்சேர்க்கையில் 04/03/2024 என்று இருந்தால், இரண்டாவதை எப்படிப் படிப்பது என்பதற்கு முதல் பக்கம் சாட்சி சொல்லும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிற்சேர்க்கை ஒருநாள் தனியாகக் கிழிந்து வேறொருவர் மேசைக்குப் போகும்.

மற்றவர் எழுதிய தேதி குழப்பமாக இருந்தால் எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு வழி இருக்கிறது. ‘07/08 சரிதானே?’ என்று கேட்டால் ‘ஆம், சரி’ என்றுதான் பதில் வரும். அவரவர் நாளை அவரவர் உறுதிசெய்துகொண்டதாக ஆகும். ‘திங்கள், 8 ஜூலை 2024-க்குள் அனுப்புகிறேன், சரியா?’ என்று வேறு வடிவத்தில் திருப்பிக் கேட்க வேண்டும். அந்த அமெரிக்கர் எனக்கு அடுத்த வேலை அனுப்பியபோது கடைசி நாள் 10/09 என்று இருந்தது. ‘புதன், 9 அக்டோபர் 2024’ என்று எழுதிக் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ஆம், அக்டோபர் 9.